நர்ஸம்மாவின் காப்பர் டி

கிராம சுகாதார நர்ஸ் வேலையில் ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, ஜனங்கள் வீட்டிலேயே தாங்களாகச் செய்துகொள்ளப் போகிற வைத்தியத்தைத் தடுப்பது. நான் மானாம்பதிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். ஐந்து ஊர், ஒரு ஸ்கூட்டி, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். காப்பர் டி போடவும் எடுக்கவும் எனக்குப் பயிற்சி உண்டு. குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று கர்ப்பப்பைக்குள் வைக்கிற, செம்புக் கம்பி சுற்றிய சின்னச் சாமான் அது. அதன் நூல் கொஞ்சம் வெளியே நிற்கும். தெரிந்தவர்கள் இடுக்கியால் அந்த நூலைப் பிடித்து எடுத்தால் இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்கு இங்கே வர முடியாமல், "நானே இழுத்துக்கட்டுமா சிஸ்டர்?" என்று கேட்கிறவர்கள்தான் எத்தனை பேர்! எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். "தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்."

இதைப் படிக்கிற நர்ஸ் சகோதரிகளே, டீச்சர்களே, அடுத்தவருக்குப் புத்தி சொல்லியே பிழைக்கிற என் இனத்தாரே, உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சின்னவன் பிறந்த பிறகு போட்டுக்கொண்ட காப்பர் டி. பத்து வருஷத்தில் எடுத்திருக்க வேண்டியது, பன்னிரண்டு ஆகிவிட்டது. மூன்று மாதமாக உதிரப்போக்கும் அளவு மீறிப் போய்க்கொண்டிருந்தது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் என் பெரியக்கா இப்படித்தான் போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரிசோதித்த டாக்டரின் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கர்ப்பப்பையில் புற்றுநோய், ஒன்றரை வருஷத்தில் அக்கா இல்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குப் பயம். நானே எடுத்துவிட்டால் யாரும் உள்ளே பார்க்க வேண்டியதில்லையே என்று ஒரு அசட்டு யோசனை. அந்த யோசனையை மனதில் வைத்துக்கொண்டு ஊராரைத் திட்டித் திரிந்த நாட்களில் நடந்தவை இவை.

இடிக்குப் பயந்த தேவகி

நடவுக்குப் போகிற தேவகி ஒரு மழை நாளில் சேற்றுக் காலோடு நேரே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, உடனே எடுக்க வேண்டுமாம். வலியா? இல்லை. போக்கா? இல்லை. புருஷன் ஏதாவது சொன்னாரா? அந்த ஆளுக்கு இது இருப்பதே தெரியாதாம். துருவித் துருவிக் கேட்ட பிறகு விஷயம் வெளியே வந்தது. பெரிய கட்டடத்து மேலே செம்புக் கம்பி வைப்பது இடியை இழுக்கத்தானே, அதே செம்பை வயிற்றில் வைத்துக்கொண்டு நடுக் கழனியில் நின்றால் இடி எங்கே வந்து இறங்கும் என்று கூட நடுகிறவள் கேட்டிருக்கிறாள். நான் எடுக்காவிட்டால் வீட்டில் போய்த் தானே இழுத்துவிடப் போவதாக மிரட்டல் வேறு.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் அவள் அடுத்த தடவை வரமாட்டாள், அதனால் ரிஜிஸ்டரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "உன் வயித்துக்குள்ள இருக்கிறது இடிக்கு எப்படிடி தெரியும்? கழுத்துல தாலி, காதுல கம்மல், கால்ல மெட்டின்னு வெளிய எவ்ளோ மாட்டியிருக்கே, அதுக்கெல்லாம் பயம் இல்லையா?" என்றேன். இடி இடித்தால் காப்பர் டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழனியை விட்டு ஏறி வீட்டுக்கு ஓடு என்றும் சொன்னேன். தேவகி எடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் தோற்றுப் போக மனசில்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்: "அதெல்லாம் இடி இடிச்சா நானே கயட்டி மடியில கட்டிக்குவேன் சிஸ்டர். இத கயட்டத்தான் உங்கள கழனிக்கு இட்டுகினு போவணும்."

செவ்வாய்க்கிழமை வந்தவள்

எங்கள் வேலையில் கிழமைக்கு ஒரு சட்டம். செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு. இது எனக்கு மட்டும் தெரிந்த சட்டம் என்றால் பரவாயில்லை, ஊருக்கே மனப்பாடம். துணை நிலையமோ பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிறது. எந்தக் கிழமையில் எவள் படி ஏறினாள் என்பதை வைத்தே அவளுக்கு என்ன என்று டீக்கடையில் முடிவு கட்டிவிடுவார்கள்.

அஞ்சலைக்கு இரண்டு பிள்ளைகள். காப்பர் டி போட்டதிலிருந்து இடுப்பு வலி என்று ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தாள். "உங்காண்ட வந்தா ஊரே பாக்கும், வூட்டுலயே இழுத்துக்கிறேன்" என்றவளை அதட்டி உருட்டி ஒரு செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். அன்றைக்குத்தான் நான் நாள் முழுக்க இடத்தில் இருப்பேன். வந்தாள், இரண்டு நிமிஷத்தில் எடுத்தேன், போய்விட்டாள். ஆனால் அவள் நடந்து வீடு சேருவதற்குள் பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் மூலமாகச் சேதி போய், மாமியார் தெருவுக்கே பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, பேரப்பிள்ளை வரப்போவதில்லை என்று தெரிந்து, மாமியார் என்னிடம் சண்டைக்கு வந்தாள். மருமகள் எதற்கு வந்தாள் என்று நான் வாயைத் திறக்க முடியாது, அது அவள் சொந்த விஷயம். "வேற ஒரு காரியமா வந்தாம்மா" என்று மட்டும் சொன்னேன். ஒத்துக்கொள்வாளா? அஞ்சலை ஏன் வீட்டிலேயே இழுக்கப் பார்த்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியார் பாயசப் பாத்திரத்தைக்கூடக் கையோடு கொண்டு வந்திருந்தாள். "செவ்வாக்கெயம உள்ள போனவ புள்ள இல்லாம வெளிய வந்தா ஊரு இன்னாம்மா பேசும்? நீயே பதில் சொல்லு."

ஸ்டெல்லாவும் ட்வீஸரும்

ஸ்டெல்லா செல்போன் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்துதான் கொண்டு வந்து விடும். கல்யாணமாகி ஒரு பிள்ளை, அடுத்ததற்கு இப்போது ஆசை. காப்பர் டியை எடுக்க வேண்டும், சூப்பர்வைசர் லீவு தரவில்லை. இவள் என்ன செய்தாள்? வேலையில் பிடிக்கிற ட்வீஸர் இடுக்கி மாதிரியே ஒன்று வாங்கி, வெந்நீரில் போட்டு எடுத்து, குளிக்கிற இடத்தில் உட்கார்ந்து தானே இழுத்திருக்கிறாள். நூல் பட்டென்று அறுந்துவிட்டது. காய்ச்சலோடும் அடிவயிற்று வலியோடும் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தாள்.

"எந்த தைரியத்துலடி கை வெச்சே?" என்றேன். "தலமுடி மாதிரி ஒயர புடிச்சி போர்டுல வெக்கிறேன் சிஸ்டர், நாளெல்லாம் அதே வேலதான். ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆனது கெடையாது. இது இன்னா பெரிய நூலுன்னு நெனச்சேன்" என்றாள். நான் திட்ட ஆரம்பித்தேன். நூல் அறுந்தது போதாதா, காப்பர் டி பாதி வழியில் வந்து குத்திக்கொண்டு நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய், உள்ளே புண்ணாகிச் சீழ் பிடித்தால் அடுத்த பிள்ளை எங்கேயிருந்து வரும், பயம் என்று ஒன்று கிடையாதா, வெட்கப்பட்டுக்கொண்டு உயிரை விடுவாயா, உன் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் திட்டினேன். அவளுக்கு இருந்தது லீவுப் பிரச்சினை. வெட்கத்தையும் பயத்தையும் நான் எதற்குச் சேர்த்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து சின்ன ஜிப் கவர் ஒன்றை எடுத்தாள். கெட்டுப்போன சாமானைக் கவரில் போட்டுத் தேதி எழுதி வைப்பது கம்பெனிப் பழக்கம். அறுந்த நூல் உள்ளே இருந்தது, மேலே தேதி இருந்தது. மரியாதையாக என் மேஜை மேல் வைத்தாள். "என் பங்கு வந்துடுச்சி சிஸ்டர், மீதிய நீங்க பாத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம்

ஸ்டெல்லாவை அன்றைக்கே ஸ்கூட்டியில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா தகுந்த கருவியால் எடுத்துவிட்டு, மாத்திரை கொடுத்து, பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். இவ்வளவையும் கண்ணால் பார்த்த நான் திருந்தியிருக்க வேண்டும் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டுக்காரர் டிவி முன்னால் இருந்தபோது, கையுறை, இடுக்கி, டெட்டால், முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் போட்டு, மேலே துண்டால் மூடி, முக்காலியையும் எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

எத்தனை பேருக்கு எடுத்த கை! தேடுகிறேன், தேடுகிறேன், நூலே தட்டுப்படவில்லை. நூல் தட்டுப்படாவிட்டால் என்னென்ன ஆகியிருக்கலாம் என்று அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறவள் நான். சுருண்டு மேலே போயிருக்கலாம், நமக்குத் தெரியாமலே விழுந்திருக்கலாம், வேறு எங்காவது குத்திக்கொண்டு நிற்கலாம். பாடத்தில் இல்லாத இன்னொன்றையும் மனசு சொன்னது, அக்கா பெயரைச் சொல்லித்தான் சொன்னது. முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "இவ்ளோ நேரமா இன்னா பண்ணிக்கினு கீற?" என்றார். "துணி தொவைக்கிறேன்" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "அப்ப இங்க மெஷின்ல ஓடிக்கினு கீறது யாரு துணி?"

அடுத்த ஆள்

பத்து நாள் ஆயிற்று. ஸ்டெல்லா மறு பரிசோதனைக்குப் போக வேண்டும், துணைக்கு நான். ஸ்கூட்டி ஓட்டுகிற நிலையில் நான் இல்லை, அதனால் இரண்டு பேரும் உத்திரமேரூர் பஸ்ஸில் போனோம். டாக்டரம்மாவுக்கு என் பெரிய மகள் வயசுதான் இருக்கும். ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஆறிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டெல்லா நகரவில்லை.

"வாடி, பஸ்ஸு போயிடும்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வர்றப்ப பஸ்ஸுல அவ்ளோ சீட்டு காலியா இருந்துச்சி. நீங்க நின்னுகினே வந்தீங்க. பொடவய வேற திரும்பித் திரும்பிப் பாத்துக்கினீங்க. நானும் பொம்பள தானே சிஸ்டர்" என்றாள். முப்பது வயசு ஆகாத பெண், என் கைப்பையை என் தோளிலிருந்து கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "மேடம், இன்னொரு ஆளு பாக்கி கீறாங்க."

அந்த முகம்

படுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறுகிறதா, மாறுகிறதா என்று. மாறவில்லை. நூல் உள்ளே சுருண்டிருந்தது, அதைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். காப்பர் டி வெளியே வந்தது. அன்றைக்கே ஸ்கேனும் எடுத்தார்கள். கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சாதாரணக் கட்டி, அதுவும் கெட்டது மாதிரி தெரியவில்லை என்றார். சந்தேகமே வேண்டாம் என்று சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், பிறகு அதுவும் நல்லபடியாகவே வந்தது. ரத்தம்தான் பாதிக்குப் பாதி குறைந்துபோயிருந்தது. டாக்டரம்மா சீட்டை எழுதி என் கையில் கொடுத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "ரத்தசோகை இருக்கிறவங்க லிஸ்ட் உங்ககிட்ட இருக்குமே சிஸ்டர், அதுல உங்க பேரையும் எழுதி, வாராவாரம் போய்ப் பாத்துக்கோங்க."

வெளியே வேப்பமர நிழலில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மூன்று மாதப் பயம், ஒரே மூச்சில் இறங்கியது. அக்காவுக்கும் சேர்த்து அழுதேன். ஸ்டெல்லா என்ன ஏது என்று கேட்கவில்லை, இளநீர் வாங்கி வந்து கையில் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவள், காலி மட்டையை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அன்னிக்கு வெக்கம், பயம்னு அவ்ளோ திட்டுனீங்களே சிஸ்டர், அது என்னத்தானா?"

அடுத்தவளுக்கு எடுத்துவிட எனக்குச் சில நாள் பயிற்சி போதுமாக இருந்தது. எனக்கு எடுத்துவிடுங்கள் என்று இன்னொருத்தியிடம் போய்ப் படுக்கத்தான் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் தேவைப்பட்டது.