நாலரை மணி வாசம்

எங்க அண்ணன் மலையில ஏலக்கா ஸ்டோர்ல புகை போட்டுக் காய் காயவைக்கிற வேலை பாத்துச்சு. அங்க முதலாளி பங்களா வாசல்ல ஒரு மரப்பந்தல். தடித்தடியா தூணு, மேல வரிசையா உத்தரம், ஒவ்வொரு உத்தர நுனியும் கிளிமூக்கு மாதிரி வளைவா வெட்டுனது, அதுமேல காகிதப்பூக் கொடி. ஸ்பெயின் நாட்டு மாடலாம். போடியில நம்ம வீட்டு வாசலுக்கும் அப்படிப் போடணும்னு காலண்டர் தாளுக்குப் பின்னாடி வரைஞ்சு கொண்டாந்துச்சு. நானும் கூட உக்காந்து அளவு சொன்னேன். பழைய ஸ்டோரப் பிரிச்ச மரத்தக் கேட்டு வாங்கி ஜீப்புல இறக்குச்சு. நாலு தூணையும் காங்கிரீட்டு போட்டு நட்டுச்சு. ஏழு உத்தரம் ஏத்துச்சு, அஞ்சுக்கு மூக்கு வெட்டுச்சு. அப்புறம் மூணு நாள் காய்ச்சல். செத்துப்போச்சு.

எழவுக்கு வந்தவுக, தூணுதான் நிக்கிதேன்னு அதுலயே கீத்தப் போட்டுக் கட்டிட்டாக. எழவுப் பந்தல காரியம் முடிஞ்சதும் பிரிச்சிரணும். கீத்தப் பிரிச்சாச்சு. தூண என்ன பண்ண?

"ஸ்பெயின்ல எழவுப் பந்தல் வருசக்கணக்கா நிக்கும் போல"ன்னு எதுத்த வீட்டு அக்கா சொல்லுச்சு. அம்மா சித்தப்பாவ வரச்சொல்லிருச்சு, பிடுங்கிப் போட. அண்ணன் கையால வச்சது அது ஒண்ணுதான்.

சித்தப்பா கடப்பாரையத் தூக்குனப்ப சரியா நாலரை. மேக்க இருந்து வெயில் உத்தரத்துல விழுந்துச்சு. குப்புனு ஏலக்கா வாசம். நான் ஏலக்கா பொறுக்குற வேலைக்குப் போறவ, எனக்குத் தெரியும், அது காய் வாசம் மட்டுமில்ல. புகையும் வேர்வையும் சேந்த அண்ணன் சட்டை வாசம். அண்ணன் ஜீப்ப விட்டு இறங்குற நேரமும் அதுதான்.

அம்மா உள்ள இருந்து வந்து கேட்டத் திறந்துச்சு.

"யாருக்கு மதினி திறக்குறீக?"

அம்மா ரோட்டவே பாத்துச்சு. "இன்னைக்கு வேணாம் தம்பி."

மறுநாளும் அதே நேரம் வாசம் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். சித்தப்பா விட்டுட்டுப் போன கடப்பாரைய எடுக்கக்கூட வரல.

ஒருநாள் காலைல அம்மா, "மிச்ச ரெண்டு மூக்கையும் வெட்டிவிடு ஆத்தா. பாதியில கெடந்தா கோவிச்சுக்குவான்"னுச்சு. படத்தப் பாத்து ரம்பத்தால வெட்டுனேன். கொஞ்சம் கோணல்தான். காகிதப்பூ கன்னும் நட்டேன்.

அன்னையிலருந்து வாசம் வரல. வெயில் அதே மாதிரிதான் விழுகுது. உத்தரத்துல மூக்க வச்சுப் பாத்தேன், வெறும் மரம். சோலி முடிஞ்சிருச்சுன்னு அண்ணன் போயிருச்சோ என்னமோ. நான் வெட்டாம விட்டிருக்கலாம்.

அம்மா இன்னமும் நாலரைக்கு கேட்டத் திறக்குது. "வாசம் வருதுல்ல ஆத்தா?"

"வருதும்மா."

நான் வெரசா காய் பொறுக்குற சோலிய முடிச்சு, கை கழுவாம வந்து அம்மா பக்கத்துல நிக்கிறேன்.