ஐசில்டா சொல்லாத வைத்தியம்

ஜமைக்காவின் சவன்னா லா மார் சந்தையில் ஐசில்டா தழை விற்கிறாள். காய்ச்சலுக்குப் பாகல் கொடி, தூக்கம் வராதவர்களுக்கு முள்சீத்தா இலை, அடிபட்ட வீக்கத்துக்கு ரணகள்ளி. தெரிந்தவர்கள் கேட்டு வந்தால் பலகைக்கு அடியிலிருந்து ஒரு குப்பி எடுப்பாள். வெள்ளை ரம்மில் கஞ்சாப் பூவை ஊறப்போட்டது. நெஞ்சுச் சளிக்கு மேலே தேய்க்கலாம், இழுப்புக்குத் தேநீரில் ஒரு கரண்டி விடலாம், அவ்வளவுதான். சர்க்கரை, புற்று என்று யாராவது வாயெடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி விரட்டிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். இது சந்தைக்கே தெரியும்.

அவளுக்கு ஒரு தம்பி, லின்வால். மலைமேல் டார்லிஸ்டனில் குடும்ப நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு டாக்சி ஓட்டுகிறவன். சிறுவனாக இருந்தபோது அவனுக்கு இழுப்பு வரும். அம்மா கரும்புக் காட்டில் இருப்பாள். ஐசில்டாதான் அந்த ரம்மை நெஞ்சில் தேய்த்து, மூச்சு சீராகும்வரை மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட தம்பி, அவள் பிறந்தபோது தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் நட்ட ஈரப்பலா மரத்தை, டாக்சி நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டிப்போட்டான். எங்கள் பக்கம் தொப்புள்கொடி மரம் என்றால் அந்த ஆளே மாதிரி. ஐசில்டா அடிமரத்தைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். அதோடு பேச்சு நின்றது. சர்ச்சில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் வஞ்சம் வைத்தால் சவப்பெட்டிக்கு முன்னால்தான் வாய் திறப்பார்கள்.

அதனால் லின்வாலுக்குக் கண் அழுத்த நோய் வந்ததும், தினமும் சொட்டு மருந்து விடச் சொன்னதும் அவளுக்குத் தெரியாது. தம்பி மனைவி மாட்லின் ஒரு நாள் தழைக்கடைக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"அண்ணி, அவருக்கு ஒரு கண்ணு சுத்தமா போச்சு. உங்களாலதான்" என்றாள் மாட்லின்.

"என்னடி உளறுற? நான் அவன்கூடப் பேசியே வருஷக்கணக்காச்சு."

மாட்லின் போனை நீட்டினாள். அதில் ஐசில்டாவே குப்பியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். போன வெயில் காலத்தில் ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்து பல்லைக் காட்டிக் காட்டிப் பேசிப் படம் எடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. நெஞ்சுச் சளியைப் பற்றித்தான் அவர்களிடம் சொன்னாள். ஆனால் படத்தில் அவள் வாய் அசைகிறது, குரல் கேட்கவில்லை. மேலே கிடார் ஒலிக்கிறது. யாரோ ஒருத்தி தேன் ஒழுகும் குரலில் அவள் கதையைச் சொல்கிறாள். கண் அழுத்த நோயில் குருடாக இருந்தவளாம் ஐசில்டா. கஞ்சாதான் பார்வையை மீட்டுத் தந்ததாம். சொட்டு மருந்தைக் குப்பையில் எறிந்துவிட்டாளாம். ஜமைக்காப் பெண்களுக்கு எப்போதோ தெரிந்த இந்த உண்மையை மருந்துக் கம்பெனிகள் மறைத்து வைத்திருக்கின்றனவாம்.

படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில், மருத்துவர்கள் சரிபார்த்தது என்று ஒரு முத்திரை. எந்த மருத்துவர், பெயர் இல்லை. அதற்கும் கீழே அவர்கள் விற்கும் எண்ணெய்க் குப்பிகள், பிறகு பார்த்தவர்கள் போட்ட கும்பிடும் கைகளும் இதயங்களுமாக ஒரு கூட்டம். எல்லாம் முடிந்த பிறகு, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், இது மருத்துவ ஆலோசனை அல்ல, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள் என்று ஒரு வரி. தூ! இதுவும் ஒரு பிழைப்பு.

பச்சைப் பொய்யாக இருந்தாலாவது தொலைகிறது என்று விடலாம். கஞ்சா கண் அழுத்தத்தைக் குறைப்பது உண்மைதான் என்று டாக்டரே மாட்லினிடம் சொல்லியிருக்கிறார். சில மணி நேரம் குறையும், பிறகு ஏறிவிடும். இறங்கியே இருக்க வேண்டுமென்றால் ராப்பகலாகப் போதையில் கிடக்க வேண்டும். அதனால்தான் சொட்டு மருந்து. முதல் பாதியைப் படம் போட்டுக் காட்டியவர்கள் இரண்டாவது பாதியை முழுங்கிவிட்டார்கள். அது தெரியாமல் செய்த பிழை இல்லை. வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தால் குப்பி விற்காது.

டாக்சி நிறுத்தத்தில் யாரோ காட்டித்தான் லின்வால் அதைப் பார்த்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. ஆனால் அக்கா வேறு எதில் எப்படியோ, வைத்தியத்தில் பொய் சொல்லமாட்டாள் என்று மாட்லினிடம் அடித்துச் சொல்லிவிட்டு, சொட்டு மருந்தைத் தூக்கிப் போட்டான். கஞ்சாவை ரம்மில் ஊறவைத்துத் தேநீரில் விட்டுக் குடிக்க ஆரம்பித்தான். அந்த நோய்க்கு வலி கிடையாது, சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். பட்டப்பகலில் சாலையோரம் நின்ற ஆட்டின்மேல் வண்டியை ஏற்றிவிட்டு, ஆடா, எங்கே என்று கேட்டபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. போன பார்வை திரும்பாது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"இன்னொரு கண்ணுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. இப்பவும் சொட்டு மருந்த தொடமாட்டேங்குறார். நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பார்" என்றாள் மாட்லின்.

ஐசில்டா போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பக்கத்திலேயே பதில் எழுதச் சொன்னாள். நான்தான் ஐசில்டா, எனக்குக் கண்ணில் எந்த நோயும் வந்ததில்லை, இவர்கள் பொய்யர்கள் என்று மாட்லின் எழுதினாள். உடனே எவனோ ஒருவன், மருந்துக் கம்பெனிக் கைக்கூலி என்று பதில் போட்டான். ஐசில்டா சாக்கை விரித்துத் தழையை மூடுவதற்குள் மாட்லின் எழுதியது காணாமல் போயிருந்தது. இதயங்கள் அப்படியே இருந்தன. சொந்த முகத்துக்குச் சொந்தக்காரி பேச அங்கே இடமில்லை.

கடையை அந்தச் சாக்கோடு விட்டுவிட்டு மாட்லினோடு மலை ஏறினாள். லின்வால் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாதி குடித்த கோப்பை, அதில் அந்த வாடை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, சாவித் துவாரம் வழியே தேடுகிறவன் போலத் தேடி, அவள் முகத்தைக் கண்டுபிடித்தான். கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, உன் கண்ணு இப்ப எப்படி இருக்கு? படத்துல பாத்ததுலேர்ந்து அதே நெனப்பு. இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க, நான் வந்து ஒரு வார்த்த கேக்கலயே."

ஐசில்டா அவன் அருகில் உட்கார்ந்தாள். அவனைத் திட்ட ஒன்றும் வரவில்லை. அந்தப் படம் எடுத்தவர்களின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

"எனக்குக் கண்ணுல எதுவும் வந்ததில்லடா. அது அத்தனையும் பொய். இதக் கொட்டிட்டு, மருந்த விடு. இருக்கற கண்ணையாவது காப்பாத்து."

லின்வால் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல வற்றியது.

"உனக்குக் கெடச்சது எனக்குக் கெடைக்கக் கூடாது, அதானே? இன்னுமா என்மேல வஞ்சம் தீரல?"

அவள் சத்தியம் செய்தாள், அம்மா பேரைச் சொன்னாள், அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை உருவிக்கொண்டு கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தான். பிறகு போனைத் தடவித் தடவித் திறந்து, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கிடார் ஒலிக்க ஆரம்பித்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவளை விட்டுவிட்டு, போனில் சிரிக்கும் அக்காவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.