அக்காவுக்காகப் போட்ட கைப்பிடி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அக்காவோடு வேலை பார்த்த ஆசிரியர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். நேரில் நான் அக்காவிடம் நீ, வா, போ என்றுதான் பேசினேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்க வேண்டிய மரியாதை. போய் ஒரு வருஷம் ஆன பிறகு அச்சடித்துக் கொடுக்கிறேன்.

அக்கா பிறந்தது கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில். அப்பா நெல் விவசாயி. நான் பிறக்கும்போது அக்காவுக்கு ஒன்பது வயது. ஓட்டப்பந்தயத்தில் அவரை முந்த அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. விளையாட்டு டீச்சராகி, திருவட்டாறு பக்கம் கல்யாணம் ஆகி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையில் இருந்தார். அத்தானுக்கு வளைகுடாவில் வேலை. மகளை வளர்த்தது, வீட்டைப் பார்த்தது, மாமனார் மாமியாரைக் கடைசிவரை கவனித்தது எல்லாம் அக்காதான். கழுத்தில் விசிலோடு அவர் மைதானத்தில் நின்றால் பிள்ளைகள் மட்டுமல்ல, வாத்தியார்களும் வரிசையில் நிற்பார்களாம்.

அப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும்போது குக்கர் விசிலுக்குப் பயப்பட ஆரம்பித்தார். முதுகு பலகை மாதிரி இறுகியது. மைதானத்தின் குறுக்கே நடக்க முடியாமல் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றிப் போனார். அதே சமயத்தில் சர்க்கரையும் வந்தது. எக்ஸ்ரே எடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம். எலும்பில் ஒன்றும் இல்லை, மனசுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு பேச்சை நான் சிக்கெனப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் நான் கட்டிய வீட்டுக்குப் பால்காய்ச்சு வந்தது. புதுவீட்டுக்குள் உடன்பிறந்தவள் விளக்கேந்தி முதலில் படியேற வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அன்று காலையில் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“லேய் மக்கா, பெண்டுகள்ட்ட குரவ போடாண்டாம்னு சொல்லுடே. சடார்னு சத்தம் கேட்டா எனக்கு ஒடம்பு மரமாட்டு ஆவுது.”

“பால்காய்ச்சுக்குக் குரவ போடாம, பின்ன ஒப்பாரியா வைப்பாவ?” என்றேன். எனக்கு அன்று தலைகால் புரியாத பெருமை.

அக்கா விளக்கோடு படியில் கால் வைத்தார். பத்துப் பதினைந்து பெண்கள் ஒன்றாக நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். அக்கா அப்படியே விறைத்து, கையை ஊன்றக்கூட முடியாமல் முகம் குப்புற விழுந்தார். உதடு கிழிந்தது. திரி அணைந்து, எண்ணெய் புதுத் தரையெல்லாம் ஓடியது. தூக்கப் போனவர்களைத் தள்ளிவிட்டு நான் சொன்னதை அன்று வந்திருந்த எல்லோரும் கேட்டீர்கள்.

“நடிக்காத. எனக்க வீட்டப் பாத்து ஒனக்குப் பொறுக்கல்ல. அதானே?”

தாடை இறுகிப்போய் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. வாசல்படியைத் தாண்டாமலே அவரைக் காரில் ஏற்றி அனுப்பினோம். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அவரோடு பேசவில்லை.

கடைசியில் அக்காவின் மகள்தான் விடாப்பிடியாகத் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தப் பரிசோதனை வந்த அன்று எனக்குப் போன் செய்தாள். “மாமா, அம்மைக்கு நடிப்பு ஒண்ணும் இல்ல. ரத்தத்துல இருக்கு.” போனை வைத்துவிட்டாள். அடுத்த தடவை நானும் கூடப் போனேன்.

நான் விவசாயி என்று கேட்டுக்கொண்டு டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். மூளையில் நரம்புகளை உசுப்பிவிட ஒரு பொருள் உண்டு, குளூட்டமேட். போதும், அடங்கு என்று சொல்ல ஒரு பொருள் உண்டு, காபா. உசுப்புகிற அதையே அடக்குகிற இதுவாக மாற்றித் தருவது ஒரு நொதி. குளூட்டமிக் அமில டீகார்பாக்சிலேஸ் என்று பெயர். இன்றைக்கும் என் நாக்கில் அது நிற்காது.

“காபா, வயல்ல தண்ணியை அடைக்கிற மடைப்பலகை மாதிரி. இந்த நொதி அந்தப் பலகையை அடிக்கிற ஆசாரி. அந்த ஆசாரியை உங்க ஊர்க்காரங்களே எதிரின்னு நினைச்சு வெரட்டினா, வயல் என்ன ஆவும்?”

“வெள்ளம் கேறி மூழ்கும்.”

“அதாக்கும் இது. இவங்க உடம்போட காவல் படையே அந்த நொதிக்கு எதிராத் திரும்பியிருக்கு.”

இந்த நொதி கணையத்திலும் உண்டு, சர்க்கரை வந்ததற்கும் இதோடு சம்பந்தம் இருக்கலாம் என்றார். அந்த நொதியைத் தாக்க ரத்தத்தில் உருவாகியிருந்த எதிர்ப்பொருள்தான் முழுக் காரணமா என்று இன்னும் ஆராய்ச்சி நடக்கிறதாம். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொன்னார். திடீர்ச் சத்தம் மட்டுமல்ல, பயமும் மனவேதனையும்கூட இந்த இறுக்கத்தைக் கூட்டும். மூன்று வருஷம் நான் அவருக்குக் கொடுத்தது அதைத்தானே. பாவி, தம்பி என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெளியே வந்து நாற்காலியில் இருந்த அக்காவின் காலடியில் உட்கார்ந்து, “அக்கா, மன்னிச்சிரு” என்றேன்.

“போடே. எல்லாரும் சொல்லச் சொல்ல, நான் நடிக்கேனோன்னு எனக்கே சந்தேகமாட்டுல்லா இருந்து.” பிறகு, “ஒனக்க அடுக்களைக்கு ஜன்னல் பெருசா வச்சியா? காத்து வருமா?” என்று கேட்டார்.

“வந்து பாரேன்.”

“குரவ இல்லேன்னா வாறேன். கேட்டுக்கும் படிக்கும் எடையில உள்ள வெட்டவெளியக் கடக்கதான் பயமா இருக்கு.”

மறுநாளே ஆள் கூப்பிட்டு கேட்டிலிருந்து படிவரைக்கும் இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டேன். காலிங் பெல்லைக் கழற்றினேன். மருந்தில் அக்காவுக்கு இறுக்கம் குறைந்தது, வீட்டுக்குள் தனியே நடந்தார். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு ஆறு நாள் முன்னே நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அடக்கத்தன்று சங்கு வேண்டாம், வெடி வேண்டாம், எங்கள் பக்கம் சாவுக்கும் போடுகிற குரவை வேண்டாம் என்றேன். பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். “செத்தவளுக்குச் சத்தம் கேக்குமாலே?”

“கேக்காது. எனக்குக் கேக்கும்” என்றேன்.

அன்று வாய் திறக்காமல் கூட நடந்து வந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றி. மைதானத்தின் சுவரோரமாக அக்காவுக்குத் துணையாக நடந்த ஆசிரியைகளுக்கும், நோயைக் கண்டுபிடித்த டாக்டருக்கும், கடைசிக் காலத்தில் வேலையை விட்டு வந்து பக்கத்திலேயே இருந்த அத்தானுக்கும் நன்றி. அக்காவின் மகளுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவள் காலில்தான் விழ வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது உடம்பு மரமாகிறது என்றால், தயவுசெய்து நம்புங்கள்.

நினைவு நாள் சாப்பாடு எங்கள் வீட்டில். எல்லோரும் வர வேண்டும். வயதானவர்கள் கேட்டிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வாருங்கள். பெயிண்ட் இன்னும் புதுசாகவே இருக்கிறது. அக்காவின் கை அதில் ஒரு தடவைகூடப் படவில்லை.