சிரிப்பு வராத பொம்மைப் படம்

கண்டிக் கலவர நாட்களில் எங்களுக்கு வீடியோ படம் தந்தவர், தொப்பையாலேயே பாதிக் கடையை அடைத்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் நானா. எந்தக் கசெட்டையும் தூசி ஊதாமல் தரமாட்டார். ஊரடங்கு என்றதும் பொம்மைப் படம் எடுக்க ஓடினேன். இருந்த பொம்மைப் படங்களிலேயே மட்டமானதை நீட்டினார்.

“நானா, இது குப்பைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நல்லதும் ஈக்குது தம்பி, தரமாட்டேன். ஊட்டுல எல்லாரும் சிரிச்சா, ரோட்டுல அலையிற காடையனுக்கு ஆள் ஈக்கிறது தெரிஞ்சிடும். இதுக்குச் சிரிப்பே வராது.”

எழுத்துக்கூட்டத் தெரியாத என் மண்டைக்கும் அது விளங்கியது. அம்பிட்டியவில் இருந்த எங்கள் வீட்டை உள்ளே பூட்டிக்கொண்டு படத்தைப் போட்டோம். பொம்மை முதலை உருகி உருகி அழுதது. அதன் வாய்க்குள் பொம்மையை ஆட்டுகிறவனின் கைக்கடிகாரம் மின்னியது. சிரிப்பு வெளியே கேட்காமலிருக்கக் குடும்பமே தலையணையைக் கடித்துக்கொண்டு புரண்டோம். நான் கடித்தது மாமியாரின் தலையணை.

திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததைச் சொன்னேன். நானா சிரிக்கவில்லை. கசெட்டை ஊதி, நல்ல படங்கள் இருந்த மேல்தட்டில் வைத்தார்.

“இதுவும் இனிச் சண்டை முடிஞ்ச பொறகுதான்.”