அத்தான் சொல்லாத ‘ஏறு’

என் அக்காள் புருஷன் கப்பலில் வேலை பார்த்தார் என்றால், எந்தெந்த நாடு போனார் என்று கேட்பார்கள். அவர் போனதெல்லாம் பாய்மரத்தடி வரைக்கும்தான். கப்பலும் லேசுப்பட்டதல்ல, பார்த்தால் முந்நூறு வயது, வயிற்றுக்குள் டீசல் என்ஜின். பழைய பாய்க்கப்பலை அச்சு அசலாகப் பார்த்துக் கட்டி, படிக்கிற பிள்ளைகளுக்குக் கடல் பழக்குகிறார்கள். நான் அதற்கு வார்னிஷ் அடிக்கிறவன்.

அங்கே ஒரு வழக்கம். பாய்மரத்தில் ஏறுகிறவர் இடுப்புப் பட்டையை மாட்டி, கயிற்றேணியைப் பிடித்தபடி “ஏறவா?” என்று கேட்க வேண்டும். கீழே நிற்கிறவர் பட்டையைப் பார்த்து, காற்றைப் பார்த்து, “ஏறு” என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் கேப்டனே ஆனாலும் காலைத் தூக்கக் கூடாது. அந்த ‘ஏறு’தான் அத்தானின் உத்தியோகம். வீட்டில் ஸ்கூட்டரை எடுத்தால் அக்காளிடமும் அதே குரலில் “ஏறு” என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் மகளுக்குப் பதினேழு வயதில் அந்தப் பயிற்சியில் இடம் கிடைத்தது. அவள் முறை வந்தது. பட்டையைச் சரியாகத்தான் மாட்டியிருந்தாள்.

“ஏறவா?”

அத்தான் அண்ணாந்து உச்சியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயே திறக்கவில்லை. மறுபடி கேட்டாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கரைக்குப் போய்விட்டாள். அடுத்தவன் கேட்டதும் மனுஷனுக்கு ‘ஏறு’ கணீரென்று வந்தது. வார்னிஷ் டப்பாவை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது எனக்கு.

சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

“மத்தவங்க பிள்ளைன்னா பட்டைதான்டா கண்ணுல படுது. இவ நின்னப்ப உயரம் தெரிஞ்சுபோச்சு.”

அவள் அதற்கப்புறம் கப்பல் பக்கம் வரவில்லை. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் ஆயிற்று. அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. அதுதான் அவரை அரித்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று குடும்பத்தாரும் மரமேறலாம் என்றார்கள். அத்தான் தானே பட்டையை எடுத்து வந்து மகளுக்கு மாட்டிவிட்டார். அவள் கயிற்றேணியில் கை வைத்தாள். கேட்பதற்கு முன்பே, “ஏறும்மா” என்றார். முறைப்படி அது தப்பு.

அவள் மேலே பார்த்தாள், ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அப்ப எனக்கு பயமே இல்லப்பா. நீங்க பேசாம நின்னீங்கல்ல, அன்னைக்குத்தான் வந்துச்சு. இன்னும் போகல.”

பட்டையை அத்தான்தான் கழற்றப் போனார். இத்தனை வருஷம் மாட்டிக் கழற்றிய கொக்கி அவருக்கு விடுபடவில்லை. நான் போய்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.