எந்த வருஷமும் பெய்யாத தூறல்

சுரங்கத்தில் தேங்கும் மழைநீரை இறைத்து வெளியேற்றும் பம்ப் பிரிவில் எனக்கு வேலை. எந்த மாதம் சராசரியாக எவ்வளவு மழை பெய்யும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மகளின் கல்யாண வரவேற்பை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே பந்தல் போட்டு நடத்த ஆசைப்பட்டேன். அவள் நடை பழகிய வாசல் அது. மார்ச்சில் எனக்கு ரிட்டயர்மென்ட். அப்புறம் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஜனவரிக் கடைசியில் முகூர்த்தம் கிடைத்தது.

"பேசாம மண்டபம் பாருங்க. மழை வந்துட்டா?" என்றாள் மனைவி.

"ஜனவரி சராசரியைப் பார்த்தா ஒரு தூறல்தான்!"

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சராசரி ஒரு பொல்லாத ஆசாமி. முக்கால்வாசி வருஷம் ஜனவரியில் பொட்டுத் தண்ணீர் விழாது. ஏதோ ஒரு வருஷம் வானம் பொத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஒரு தூறல் வருகிறது. அந்தத் தூறல் எந்த வருஷமும் பெய்ததே இல்லை. எனக்கா இது தெரியாது? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வரவேற்பன்று மாலை வானம் பொத்துக்கொண்டது. பந்தல் தொப்பை போட்டுத் தொங்கியது. வாசலில் கணுக்கால் தண்ணீர்.

"உங்க பம்ப் ஏதாவது இருக்கா?" என்றாள் மனைவி. அழுகை வந்தது எனக்கு.

அதற்குள் எங்கள் வரிசையில் எல்லாருமே கதவைத் திறந்து, சோபாவை ஓரம்கட்டி, கூடத்தில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. நிச்சயதார்த்தத்துக்கு ஒரே ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்த முத்தாண்டிக்குப்பத்து சம்பந்தி, நனைந்தபடி பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, தடுமாறாமல் நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போய், வந்து இலையில் உட்கார்ந்துவிட்டார். நான் தேடிக் கண்டுபிடித்தபோது பாதிச் சாப்பாடு முடிந்திருந்தது.

"நிச்சயத்துக்கு வந்தப்ப செவுரெல்லாம் ஒரே கறையா இருந்துச்சுங்க சம்மந்தி. இப்ப பெயின்ட் அடிச்சி வூட்ட எவ்ளோ அழகா வச்சிக்கினு இருக்கீங்க!"

பாயச வாளியோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இது என் வீடில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மார்ச் முடிந்தால் பக்கத்தில் இருக்கும் என் வீடும் என்னுடையதில்லை.

"நல்லா சாப்பிடுங்க சம்பந்தி, நம்ம வீடு" என்றேன்.