டிஷ் வேண்டாம் என்ற சோபியா

எங்கள் தீவில், மின்னி பே பகுதியில், என் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் சோபியா அழுது வெகுநாள் நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் எனக்காவது நிம்மதியாக இருந்திருக்கும். மருந்துக்கடையில் பில் போடும் வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்துவாள், டிவியைப் போடுவாள். இங்கே ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அதன்பிறகு என் தலைக்கு மேலே குட்டி போட்ட பூனை மாதிரி நடைதான். சேனல் இந்திக்குத் தாவும், வங்காளத்துக்குத் தாவும். விளம்பரம் வந்தால் வாளியை இழுத்துப்போட்டு, துடைத்த தரையையே துடைப்பாள்.

எல்லாம் அவள் காதலன் ஜெரினால் வந்தது. "அம்மாட்ட சொல்லிட்டு அடுத்த கப்பல்ல வந்துர்றேன்" என்று சென்னைக் கப்பல் ஏறியவன். வந்ததோ மெசேஜ்: தூத்துக்குடியில் பெண் பார்த்து முடித்துவிட்டார்களாம், காத்திருக்க வேண்டாமாம். படுபாவிக்கு அதை நேரில் சொல்லக்கூடத் துப்பில்லை. ஹேவ்லாக் தீவிலிருந்து அவள் அப்பா வியாகுலம் கூப்பிட்டும் அவள் போகவில்லை. "தனியா இருந்தா சரியாயிரும் ஆன்ட்டி" என்றாள்.

கேபிள் அடிக்கடி போய்விடுகிறதே, டிஷ் வைத்துத் தருகிறேன் என்றேன். "நஹீ ஆன்ட்டி, வேண்டாம், இதுவே போதும்" என்று பதறினாள்.

டிவிக்கா இந்தப் பதற்றம்? சாம்பார் கொடுக்கும் சாக்கில் ஒரு மாலை மேலே போனேன். ஊர் கேபிள் சேனலில் ஏதோ பழைய சீரியல் ஓடியது. அடியில் கப்பல் செய்தி ஓடியது. மெயின்லேண்டிலிருந்து எது, எப்போது வருகிறது என்று. டிஷ்ஷில் அது வராது. சீரியலை அவள் பார்க்கவில்லை, அந்த ஒரு வரியைத்தான் பார்த்தாள். சாம்பார் கிண்ணத்தை டிவி பக்கத்தில் வைத்தேன்.

"அவன் வரமாட்டான்டி."

"தெரியும் ஆன்ட்டி. கண்ணு அங்கதான போகுது, என்ன செய்ய?"

விஷயம் தெரியாமல் தெருவே அவளிடம் கப்பல் விசாரித்தது. வெங்காயம் எப்போது வரும் என்று மளிகைக்கடை நாகராஜ் கேட்பான். அவள் சொன்னால் பக்கா.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மாடியிலிருந்து அலறல்: "அடியே, அந்தப் பாயசத்தக் குடிக்காத! கிழவி என்னமோ கலந்துட்டா!" விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். சீரியல் மருமகளுக்கு எச்சரிக்கையாம். மறுநாளும் அந்த மாமியாருக்குத் திட்டு விழுந்தது. எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது.

போன வாரம் நாகராஜ் படியடியில் நின்று கத்தினான். "அரே சோபியா! சென்னைக் கப்பல் நேத்தே வந்து லோடு இறங்கிருச்சாம். நீ ஒரு வார்த்த சொல்லலையே?"

"நேத்தா?" என்று இறங்கி வந்தாள். "நான் பாக்கலையேண்ணே. கண்ணே அங்க போகலையே."

சொன்னவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள், மூக்கு ஒழுக, சத்தமாக. நாகராஜ் பயந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேலே டிவி கொர்ரென்று இரைந்தது. கேபிள் போய்விட்டது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சே, இன்னைக்குத்தான் கிழவி மாட்டப்போறா. ஆன்ட்டி, அந்த டிஷ்ஷ நாளைக்கே போட்டுருவோமா?"